ஏழு நாள் கெடு, ஐநூறு டாலர், ஒரு ஜிப் ஃபைல்

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 29, பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

2018-ல், கல்லூரிக் கடைசி வருடத்தில், பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியீடுகளில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன நோட் ஜேஎஸ் பேக்கேஜ் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் கோட் தொகுப்பு) எழுதியிருக்கிறார். கோப்புகளை மொத்தமாக ஜிப் ஃபைலாகக் கொடுத்தால் பிரித்து, ஒவ்வொன்றையும் மாற்றி, ஒரு ஃபோல்டரில் போட்டுத் தரும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி லைசென்ஸில், இப்படிப்பட்ட பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் ஏற்றிவிட்டார், அப்புறம் வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. இப்போது வாரத்துக்கு நாலாயிரம் டவுன்லோட் காட்டுகிறது. கைக்குழந்தைக்கு ஆறு மாதம்.

போன சனிக்கிழமை ராத்திரி முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில். ‘உங்கள் பேக்கேஜில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, தீவிரம் பத்துக்கு 9.8, ஐநூறு டாலர் அனுப்புங்கள், ஏழு நாளில் பதில் இல்லையென்றால் வெளியிடுவேன்.’ கூடவே நிரூபணம் என்று ஒரு ஜிப் ஃபைல். அன்றிலிருந்து தூக்கமில்லை. நண்பர் ஒருவர் ‘பேசாமல் பேக்கேஜை அழித்துவிடு’ என்கிறார். ஆபீஸ் சீனியர் ‘சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டு அடுத்த வெர்ஷன் போடு’ என்கிறார். இதற்கு நடுவே, முன்பு இரண்டு மூன்று நல்ல திருத்தங்கள் அனுப்பிய இன்னொரு அந்நியர் ‘நீங்கள் பிஸி போலிருக்கிறது, நான் எடுத்து நடத்தட்டுமா’ என்று கேட்டிருக்கிறார். வீட்டில் மனைவி கேட்ட கேள்வி: ‘இதுல பத்துப் பைசா வருமானம் உண்டா?’ கடைசியாக அவர் என்னிடம் கேட்டிருப்பது, ‘அக்கா, என் மேல் கேஸ் வருமா? நான் அந்த ஆள் மேல் போலீஸில் புகார் கொடுக்கலாமா?’

தம்பி, அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையில் முதலில் ஒரு கேள்வி. அந்த ஜிப் ஃபைலை எங்கே வைத்துத் திறந்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்பிஎம் கணக்கு லாகின் ஆகியிருக்கும் அதே லேப்டாப்பில் திறந்திருந்தால், டோக்கன்களை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிகள்) ரத்து செய்து, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மேலே படியுங்கள். இது மிகையான பயம் இல்லை. 2025 செப்டம்பரில் சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் திருட்டுக் கோட் ஏறியது இப்படி ஒரு மெயிலில்தான். ‘உங்கள் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் புதுப்பியுங்கள்’ என்று என்பிஎம் அனுப்பியது போலவே போலி மெயில், அதிலும் ஒரு கெடு. அனுபவசாலி ஒருவரே ஏமாந்தார். கெடு வைத்து வரும் எந்த மெயிலையும் நிதானமாகத்தான் திறக்க வேண்டும். நிரூபணக் கோப்புகளை ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் தனியே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) வைத்து மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த ஆள் சொல்வது உண்மையா? கோட் துண்டை இணைத்திருந்தீர்கள், பார்த்தேன். உண்மைதான்.

ஓட்டை எங்கே இருக்கிறது

ஜிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எழுதுவது ஜிப்பை உருவாக்கியவர். ‘கட்டுரை1’ என்றும் எழுதலாம், ‘../../கட்டுரை1’ என்றும் எழுதலாம். இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால் ‘ஒரு ஃபோல்டர் மேலே ஏறு’ என்று அர்த்தம். உங்கள் கோட் அந்தப் பெயரை அப்படியே நம்பி, வெளியீட்டு ஃபோல்டரோடு ஒட்டி, அங்கே எழுதிவிடுகிறது. தாக்குபவன் நீங்கள் காட்டிய ஃபோல்டரை விட்டு மேலே மேலே ஏறிப் போய், சர்வரில் இருக்கும் வேறொரு ஃபைலின் மேலேயே எழுதலாம். அது சர்வர் ஓட்டுகிற ஸ்கிரிப்டாக இருந்தால் கதை முடிந்தது.

இதற்கு ஜிப் ஸ்லிப் என்று பெயர். 2018 ஜூனில் ஸ்னிக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளியிட்டபோது ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ என்று பல மொழிகளில் நூலகம் நூலகமாகச் சிக்கின. உங்களைவிடப் பல மடங்கு பேர் பயன்படுத்திய ஆடம்-ஜிப் என்ற ஜிப் பேக்கேஜிலும் இதே ஓட்டை இருந்து, 0.4.9-ல் சரியானது. நீங்கள் மாணவனாக எழுதிய கோட், அதே வருடம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரிசெய்வது பத்து வரி வேலை. ஆனால் அந்தப் பத்து வரியில்தான் எல்லோரும் இரண்டாவது முறை வழுக்குகிறார்கள். ‘../’ எங்கே வந்தாலும் அழித்துவிடுவோம் என்று எழுதாதீர்கள். ‘....//’ என்று ஒருவன் கொடுத்தால், நடுவில் இருக்கும் ‘../’ போனபின் மிச்சம் நிற்பது மறுபடியும் ‘../’ தான். சரியான வழி, முழுப் பாதையையும் கணக்கிட்டு முடித்தபின், அது உங்கள் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. அதிலும் ஒரு பொறி உண்டு. உங்கள் ஃபோல்டர் ‘/தரவு/வெளி’ என்று வையுங்கள். ‘பாதை இதில் தொடங்குகிறதா’ என்று மட்டும் சோதித்தால் ‘/தரவு/வெளியீடு’ என்ற பக்கத்து வீட்டு ஃபோல்டரும் பாஸாகிவிடும், ஏனென்றால் அதுவும் ‘வெளி’ என்றுதான் தொடங்குகிறது. கடைசியில் சாய்கோட்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஜிப்புக்குள் சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் குறுக்குவழிக் கோப்பு) வந்தால் எழுதாமல் நிராகரித்துவிடுங்கள், உங்கள் பேக்கேஜுக்கு அது தேவையே இல்லை. இந்த மூன்றுக்கும் மூன்று டெஸ்ட் எழுதியபின் வெளியிடுங்கள்.

அவசரத்தில் பாதி பேட்ச் (திருத்தம்) போடுவது பெரிய ஆட்களுக்கும் நடப்பதுதான். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெடித்தபோது 2.15.0 வந்தது, அது போதவில்லை, 2.16.0 வந்தது, பிறகு 2.17.0, அப்புறம் 2.17.1. எல்லாம் அந்த ஒரே மாதத்துக்குள். உலகமே கழுத்தில் கத்தி வைத்து நின்ற நேரம் அது. உங்களுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை, ஒரு நாள் கூடுதலாக எடுத்துச் சோதித்துவிட்டே போடுங்கள்.

9.8 என்ற எண்ணைப் பார்த்துத்தான் ரொம்பப் பயந்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்றால், நெட்வொர்க் வழியாக, லாகின் இல்லாமல், யாரும் எதையும் கிளிக் செய்யாமல், முழுச் சேதமும் செய்ய முடியும் என்று இந்தக் கட்டங்களில் எல்லாம் மோசமானதைத் தேர்ந்தெடுத்தால் 9.8. உங்கள் பேக்கேஜைப் பலரும் தங்கள் கம்ப்யூட்டரில், தாங்களே தேடி எடுத்த கோப்புகளுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் ஜிப்பைத் தானே திறந்தால்தான் ஆபத்து, தாக்குபவன் அந்தக் கம்ப்யூட்டரில் கோப்பு எழுத மட்டும்தான் முடியும் என்று வைத்தால் அதே ஓட்டை 5.5-க்கு இறங்கிவிடும். ஆனால் யாராவது ஒரு இணையதளத்தில் ‘உங்கள் ஜிப்பை இங்கே ஏற்றுங்கள், மாற்றித் தருகிறோம்’ என்று இதை வைத்திருந்தால், அவர்களுக்கு அந்த ஆள் சொன்ன எண் பொய் இல்லை. நாலாயிரம் டவுன்லோடிலும் பெரும்பகுதி மனிதர்கள் இல்லை, டெஸ்ட் சர்வர்கள் திரும்பத் திரும்ப இறக்குவது. மிச்சம் இருக்கும் கொஞ்சப் பேரில் அந்த இணையதளக்காரர் யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்து சொல்லப்போவதற்கு அதுதான் காரணம்.

சத்தமில்லாமல் சரிசெய்யலாமா

கூடாது. உங்கள் சீனியர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாதி ஊர் இப்படித்தான் செய்கிறது. நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாதுகாப்பு பக்கைச் சரிசெய்துவிட்டு, வெளியீட்டுக் குறிப்பில் ‘சின்னச் சின்னத் திருத்தங்கள்’ என்று எழுதினேன். சின்னத் திருத்தத்துக்காக யார் அப்டேட் செய்வார்கள்? எட்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் சர்வரில் பழைய வெர்ஷனே ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே யாரோ வந்து போயிருந்தார்கள். ‘தெரிந்திருந்தும் ஏன்மா சொல்லவில்லை?’ என்று அந்த நிர்வாகி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

சொல்லாமல் விட்டால் உங்கள் பயனர்களுக்குத்தான் தெரியாது. தாக்குபவன் பழைய வெர்ஷனையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மாறிய பத்து வரியைப் பார்த்து, ஓட்டை எங்கே என்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிடுவான். ஊரறியச் சொன்னால்கூடப் பேட்ச் போடாத ஆட்கள் இருக்கிறார்கள். இணையதளங்கள் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7 அன்றே திருத்தம் வந்துவிட்டது, அறிவிப்பும் வந்துவிட்டது. அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸ் அதைப் போடாமல் விட்டது. மே மாதத்தில் உள்ளே புகுந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சொல்லியே இந்தக் கதி.

செய்ய வேண்டியது இது. உங்கள் கோட் இருக்கும் கிட்ஹப் ரெப்போவில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் ஒரு வரைவு அறிவிக்கை திறங்கள். நீங்கள் வெளியிடும்வரை அது யார் கண்ணுக்கும் படாது, திருத்தத்தையும் அதற்குள்ளேயே ரகசியக் கிளையாக எழுதலாம். எந்த வெர்ஷன் முதல் எந்த வெர்ஷன் வரை பாதிப்பு, எதில் சரியானது, யாருக்கு ஆபத்து அதிகம் என்று நாலு வரி. ஓட்டைகளுக்கு உலக அளவில் தரப்படும் அடையாளமான சிவிஇ எண்ணும் அங்கேயே கேட்கலாம், காசு கிடையாது. வெளியிட்ட பின், கிட்ஹப் அதைத் தன் தரவுத்தளத்தில் சேர்த்ததும், உங்கள் பேக்கேஜை வைத்திருப்பவர் என்பிஎம் ஆடிட் என்ற சோதனைக் கட்டளையை ஓட்டினால் எச்சரிக்கை வரும், டிபென்டபாட் என்ற கிட்ஹப்பின் தானியங்கிக் கருவி வைத்திருப்பவருக்கு அதுவே தட்டி எழுப்பும். அந்த முகம் தெரியாத இணையதளக்காரரை எட்ட உங்களுக்கு இருக்கும் வழி இதுதான். பழைய வெர்ஷன்களுக்கு ‘டிப்ரிகேட்’ (இனி பயன்படுத்தாதீர்கள்) கட்டளை போட்டு ஒரு வரி எச்சரிக்கையும் வையுங்கள்.

நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது, சிவிஇ எண் வந்தால் நாளை வேலை தேடும்போது கறை ஆகிவிடுமோ என்று. ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், ஒழுங்காக எழுதிய அறிவிக்கை ஒன்றைக் காட்டும் பையனை நான் விடமாட்டேன்.

அழிப்பதா, கைமாற்றுவதா

அழிக்கச் சொன்ன நண்பரிடம் சொல்லுங்கள், அது இப்போது முடியாது. 2016 மார்ச்சில் ஒருவர் கோபத்தில் தன் பேக்கேஜ்களை எல்லாம் என்பிஎம்மிலிருந்து உருவினார். அதில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரிப் பேக்கேஜும் போனதால் உலகம் முழுக்க நிரல்களைத் தொகுக்கும் பில்டுகள் உடைந்தன. அதன்பிறகு விதி இறுகிவிட்டது. ஏற்றி 72 மணி நேரம் தாண்டிவிட்டால், அதைச் சார்ந்து வேறு பேக்கேஜ் இருக்கக்கூடாது, போன வாரம் முந்நூறுக்கும் குறைவான டவுன்லோட்தான் இருக்க வேண்டும், உரிமையாளர் ஒருவராக இருக்க வேண்டும். நாலாயிரத்தோடு நீங்கள் வெளியே.

கைமாற்றுவது பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் நிம்மதியாக எழுதிய ஒரே இடம் அதுதான், எனக்கு வயிற்றைக் கலக்கியதும் அதுதான். 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜின் ஆசிரியரிடம் ஒருவர் மெயிலில் அன்பாகக் கேட்டார், இவரும் தான் பயன்படுத்தாத ஒன்றுதானே என்று கொடுத்துவிட்டார். புதியவர் ஒரு துணைப் பேக்கேஜைச் சொருகினார், அதற்குள் கோபே என்ற பிட்காயின் வாலெட்டைக் குறிவைத்த திருட்டுக் கோட் இருந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை இன்னும் பொறுமையானது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பினார். வேறு சில பெயர்களில் ‘பராமரிப்பாளர் மெதுவாக இருக்கிறார், இன்னொருவரைச் சேருங்கள்’ என்று நெருக்கினார்கள். தனியாக இழுத்துக்கொண்டிருந்த மனிதர் உரிமை கொடுத்தார். 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு வந்துவிட்டது. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆன்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று ஊருக்குச் சொன்னதால் பிழைத்தோம்.

உங்களிடம் கேட்டவர் திருடர் என்று நான் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது பேர் நிஜமான உதவிக்காரர்கள்தான், அவர்கள் இல்லாமல் ஓப்பன் சோர்ஸே இல்லை. ஆனால் நீங்கள் களைத்துப்போய் இருக்கும் வாரத்தில், உங்கள் களைப்பையே காரணமாகச் சொல்லிச் சாவி கேட்பவருக்கு அந்த வாரமே சாவி கொடுக்காதீர்கள். திருத்தம் அனுப்பட்டும், நீங்கள் படித்துச் சேருங்கள். என்பிஎம்மில் வெளியிடும் உரிமை உங்களிடமே இருக்கட்டும், இரண்டடுக்குப் பாதுகாப்போடு. ஒரு வருடம் கழித்தும் அவர் கூடவே இருந்தால் அப்போது யோசிக்கலாம். தொடரவே முடியவில்லை என்றால், சரிசெய்த வெர்ஷனைப் போட்டுவிட்டு ‘இனி பராமரிப்பு இல்லை’ என்று பலகை மாட்டி ரெப்போவைப் பூட்டிவிடலாம். அது கௌரவமான முடிவுதான்.

கேஸ் வருமா

நான் வக்கீல் இல்லை, ஆனால் வக்கீல்களோடு இந்த விஷயங்களில் அடிக்கடி உட்கார்கிறவள். நீங்கள் வைத்திருக்கும் எம்ஐடி லைசென்ஸின் கடைசிப் பத்தியைப் படியுங்கள், கொட்டை எழுத்தில் இருக்கும். ‘உள்ளது உள்ளபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை’ என்பதுதான் அதன் பொருள். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள், அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டரில் கைவைப்பவர்களைப் பற்றியவை, 66-க்கு அதை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்திருக்கவும் வேண்டும். தெரியாமல் விட்ட பக் அந்த ஜாதியில் சேராது. ஐரோப்பாவில் 2024-ல் வந்த புதிய சைபர் சட்டம்கூட, வியாபாரமாக இல்லாமல் ஓப்பன் சோர்ஸ் எழுதுபவர்களை விட்டுவிட்டு, அதை எடுத்துத் தன் பொருளில் வைத்து விற்கும் கம்பெனியைத்தான் பிடிக்கிறது.

எனக்கு உறுத்தியது வேறு ஒரு வரி. கடைசி இரண்டு வெர்ஷனை ஆபீஸ் லேப்டாப்பில் எழுதியதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம் என்பதுதான் பதிப்புரிமைச் சட்டத்தின் பொது விதி. கல்லூரியில் எழுதியதற்கு அது பொருந்தாது, ஆனால் பிந்தைய பகுதியில் தகராறு வர இடம் உண்டு. வேலை ஒப்பந்தத்தை எடுத்து அறிவுசார் சொத்து என்ற பகுதியைப் படியுங்கள், குழப்பமாக இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இந்தத் திருத்தத்தை உங்கள் சொந்த மெஷினில், சொந்த நேரத்தில் எழுதுங்கள்.

போலீஸ் புகார் இப்போது வேண்டாம். உண்மையான ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை முதலில் உங்களிடம் சொன்னவர் அவர். காசு கேட்ட விதம் அநாகரிகம், ஏழு நாள் என்பது அநியாயம், கூகுளின் ஓட்டை தேடும் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோ போன்றவர்களே 90 நாள் தருகிறார்கள். அதற்காகக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது, அடுத்த ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் உங்களிடம் சொல்லவே பயப்படுவார். அவர் பேச்சு மிரட்டலாக மாறினால், ‘காசு தராவிட்டால் உன் பயனர்களை நானே தாக்குவேன்’ என்கிற மாதிரி வந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் வரும் மிரட்டிப் பணம் பறித்தல். அப்போது தயங்காமல் போங்கள். மெயில்களை அழிக்காமல் வையுங்கள். இடையில் பேச்சு முறிந்தால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிடம் விவரத்தைக் கொடுத்து, இரு தரப்புக்கும் நடுவில் ஒருங்கிணைக்கச் சொல்லலாம்.

காசு கொடுக்காதீர்கள். நீங்கள் பரிசு அறிவிக்கவே இல்லை, கேட்டதும் கொடுத்தால் அடுத்த வாரம் இன்னும் மூன்று மெயில் வரும். இன்று ராத்திரியே இப்படி ஒரு பதில் போடுங்கள், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

‘வணக்கம். நீங்கள் அனுப்பியதைச் சோதித்தேன், ஓட்டை உண்மை. சொன்னதற்கு நன்றி. இது நான் ஒருவனாக, சம்பளமில்லாமல் பார்க்கும் பேக்கேஜ், பரிசுத் தொகை தர வழியில்லை. இரண்டு வாரத்துக்குள் திருத்தமும் அறிவிக்கையும் வெளியிடுகிறேன், கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் எனச் சொல்லுங்கள். அதுவரை விவரங்களை வெளியிடாமல் இருந்தால் பயனர்களுக்கு நல்லது. வெளியிடுவதற்கு முன் திருத்தத்தை உங்களுக்குக் காட்டுகிறேன், விரும்பினால் சோதித்துச் சொல்லுங்கள்.’

பெரும்பாலானவர்கள் இதற்கு இறங்கி வருவார்கள், பெயர்தான் அவர்களுக்குப் பெரிய கூலி. இறங்காவிட்டால் ஏழாம் நாள் சனிக்கிழமைக்குள் திருத்தத்தை வெளியிடுங்கள், பத்து வரிதானே.

உங்கள் வீட்டம்மா கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில், இல்லை, பத்துப் பைசா வராது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, ஒரே ஒரு நாளை மட்டும் கடனாகக் கேளுங்கள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் வரியிலேயே ‘ஒருவர், வார இறுதியில் மட்டும்’ என்று எழுதி வையுங்கள், ரெப்போவில் தனிப்பட்ட புகாருக்கான வசதியைத் திறந்து வையுங்கள், அடுத்த ஆள் சனிக்கிழமை ராத்திரி உங்கள் மெயில் முகவரியைத் தேட வேண்டியிருக்காது. திருத்தம் தயாரானதும் டெஸ்டோடு எனக்கு அனுப்புங்கள், அந்த ‘வெளி’, ‘வெளியீடு’ சோதனையை நானும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.